அவளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் சட்டம்

(காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தினரும் கல்லூரி மாணவியரும் கூடிய அரங்கில் பெண் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எந்தச் சட்டத்தை எடுத்தாலும் தொடக்கத்திலேயே வரையறைப் பிரிவு ஒன்று இருக்கும். இந்தச் சொல்லுக்கு இந்தச் சட்டத்தில் இன்ன பொருள் என்று அடுக்கிக்கொண்டு போகும். படிக்கச் சலிப்பாக இருக்கும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள்கூட அதைப் புரட்டிவிட்டுத் தண்டனை எத்தனை ஆண்டு என்று பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் ஒரு பெண் சட்டத்துக்கு உள்ளே வருகிறாளா, வெளியே நிற்கிறாளா என்பது அந்தப் பக்கத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. மீதிப் பக்கங்கள் எல்லாம் உள்ளே வந்தவளுக்குத்தான்.

இது உங்கள் ஊருக்குத் தெரிந்த செய்தி. 1950களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், சடங்கு இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி திருமணமே ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. ஊரறிய மாலை மாற்றி, பிள்ளைகள் பெற்று, குடும்பம் நடத்திய பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவிகளாக இல்லாமல் போனார்கள். 1967-இல், இந்தக் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா முதலமைச்சரானதும், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார். உற்றார் உறவினர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ அது திருமணம் என்றது அந்தப் பிரிவு. அதற்கு முன்னால் அப்படி நடந்த திருமணங்களும் செல்லும் என்றது. வரையறை மாறியதும் ஜீவனாம்சமும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கூடவே வந்தன.

இன்று நான் பேச வந்தது இரண்டு வரையறைகளைப் பற்றி. ஒன்று, குடும்ப வன்முறை என்றால் என்ன என்பது. இன்னொன்று, ஒரு பெண்ணைப் பின்தொடர்வது என்றால் என்ன என்பது. முதலாவதை நம் நாடாளுமன்றம் நன்றாக எழுதியது. இரண்டாவதை அப்படி எழுதவில்லை. அதனால் பெண்கள் எப்படித் தவிக்கிறார்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

காவல் நிலையத்துக்கு ஒரு பெண் போனால் அவளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "அடிச்சாரா?" என்பது. அவள் தயங்குவாள். "அடிக்கல மேடம், ஆனா..." என்று ஆரம்பிப்பாள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. "குடும்ப விஷயம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். 1983-இல் கொடுமைக்கு என்று 498-ஏ பிரிவு வந்தது உண்மை. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகிய பிரிவுகளாக இருக்கிறது. ஆனால் அது கணவனையும் கணவன் வீட்டாரையும் மட்டும் தொடும். தற்கொலைக்குத் தள்ளுமளவுக்கோ, உயிருக்கும் உடலுக்கும் மனத்துக்கும் பெருங்கேடு விளையுமளவுக்கோ கொடுமை இருக்க வேண்டும். இல்லையென்றால் பணமோ பொருளோ கேட்டுத் துன்புறுத்தியிருக்க வேண்டும். கணவனைச் சிறைக்கு அனுப்பத்தான் அது வழி காட்டும். இரவு அவள் எங்கே படுப்பாள், பிள்ளைக்குப் பால் யார் வாங்கித் தருவார் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

அந்தப் பதிலைத் தந்தது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் மூன்றாம் பிரிவை ஒவ்வொரு பெண்ணும் ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்பேன். உடல் வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் வன்முறை, பொருளாதார வன்முறை என்று நான்கையும் அது வன்முறை என்கிறது. பிள்ளை இல்லை என்று ஏசுவது, ஆண் பிள்ளை பெறவில்லை என்று குத்திக்காட்டுவது, பட்டப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவது எல்லாமே சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. உன் அம்மாவை என்ன செய்கிறேன் பார் என்று திரும்பத் திரும்ப மிரட்டினால் அதுவும் அவளுக்கு இழைத்த வன்முறைதான். அவள்மீது கை படவே வேண்டாம்.

நான்காவதாகச் சொன்ன பொருளாதார வன்முறையைக் காஞ்சிபுரத்தில் நின்று பேசும்போது அவசரமாகத் தாண்டிப் போக முடியாது.

பிள்ளையார்பாளையத்திலோ அய்யம்பேட்டையிலோ ஒரு தறி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் தறி. தறியில் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்காரர். கோர்வைப் புடவை என்றால் மறுகரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அது பெரும்பாலும் மனைவி அல்லது மகள். ஊடைக்குத் தார் சுற்றுவது அவள். பாவு வந்தால் பிணைக்கக் கூட உட்கார்வது அவள். நடுவில் சமையல், பிள்ளை, மாமியார். புடவை இறங்கியதும் முதலாளியிடம் கூலி வாங்குவது அவர். சங்கத்து உறுப்பினர் அட்டை அவர் பெயரில். முன்பணம் வாங்கியிருந்தால் அதுவும் அவர் பெயரில். அந்த வீட்டில் என்றைக்காவது ஒருநாள், "நீ சம்பாதிச்சியா?" என்ற கேள்வி வரும்போது அவளிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

இந்தப் பெண்ணுக்குத்தான் பொருளாதார வன்முறை என்ற வரையறை. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது இதில் வரும். அவளுக்குச் சீதனமாக வந்த நகையை அவள் சம்மதம் இல்லாமல் அடகுக் கடையில் வைப்பதும் விற்பதும் வரும். குடும்ப உறவால் அவள் பயன்படுத்தும் உரிமை பெற்ற வசதிகளை அவளிடமிருந்து தடுப்பதும் வரும். அவள் கைப்பட்டு ஓடிய தறி அப்படிப்பட்ட ஒரு வசதி என்பது என் வாதம். அவளைத் தறியண்டை வராதே என்று விரட்டினால், அவளுக்குத் தெரியாமல் தறியை விற்றால், அது சட்டம் சொல்லும் வன்முறை. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சீதனத்தைத் திருப்பித் தராமல் வைத்திருக்கும் நாள் வரைக்கும் அந்தக் குற்றம் தொடர்ந்துகொண்டே இருக்கும் என்று சொல்லிவிட்டது. நகை போய் எத்தனையோ வருஷமாச்சே, இப்போ கேட்க முடியுமா என்று தயங்கும் அம்மாக்களுக்காகச் சொல்கிறேன்: முடியும்.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் நீதித்துறை நடுவர், வன்முறை செய்தவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லலாம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் பெண்ணுக்கு அது நல்ல ஆணை. தறி வீட்டில் அவரை வெளியே அனுப்பினால் தறி நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். அதனால்தான் எத்தனையோ பெண்கள், "வேணாம் மேடம், அவர் நெய்யட்டும், என்னை அடிக்காம இருந்தா போதும்" என்கிறார்கள். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 18-ஆம் பிரிவில் பாதுகாப்பு ஆணை மட்டும் கேட்கலாம். வீட்டில் அவள் இருக்கும் பகுதிக்குள் அவர் வரக் கூடாது என்று மட்டும் 19-இல் கேட்கலாம். 20-ஆம் பிரிவில் மாதச் செலவுக்கும், இழந்த வருமானத்துக்கும் பணம் கேட்கலாம். எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டியவள் அவள். எல்லாவற்றையும் ஒரே மனுவில் அள்ளிப் போடும் வழக்கறிஞரைவிட, உங்கள் வீட்டில் தறி எத்தனை, யார் நெய்கிறார்கள் என்று முதலில் விசாரிப்பவரை நம்புங்கள்.

அடுத்தது வீடு. நம் தெருக்களில் வீடு மாமனார் பெயரிலோ மாமியார் பெயரிலோதான் இருக்கும். சட்டம் 'பகிர்ந்து வாழ்ந்த வீடு' என்று அகலமாகத்தான் எழுதியது, பெண்ணுக்குச் சொத்தில் பங்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம் என்றது. ஆனால் சட்டம் வந்த சில வாரங்களிலேயே, 2006 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் பத்ரா வழக்கில் அதைச் சுருக்கிவிட்டது. கணவனுக்குச் சொந்தமான வீடு, அவன் வாடகைக்கு எடுத்த வீடு, அல்லது அவன் பங்காளியாக இருக்கும் கூட்டுக் குடும்ப வீடு மட்டுமே கணக்கு என்றது. மாமியார் பெயரில் வீடு இருந்த மருமகள்கள் எல்லாம் தெருவுக்கு வந்தார்கள். மகனை விலக்கிவிட்டேன் என்று ஒரு காகிதம், வீடு என்னுடையது என்று ஒரு பத்திரம், இந்த இரண்டும் போதுமாயிருந்தது. 2020 அக்டோபர் 15 அன்று அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைத் தவறு என்று அறிவித்தார்கள். கணவனின் உறவினர் பெயரில் வீடு இருந்தாலும் அவள் அங்கே நிலையாகக் குடும்பம் நடத்தியிருந்தால் அது அவள் பகிர்ந்து வாழ்ந்த வீடு. 2022 மே மாதம் இன்னொரு தீர்ப்பு மேலும் ஒரு படி போனது. கல்யாணமான கையோடு துரத்தப்பட்டு அந்த வீட்டில் ஒருநாள்கூட வாழாதவளுக்கும் அங்கே வாழும் உரிமை உண்டு என்றது. பத்ரா தீர்ப்புக்கும் அகுஜா தீர்ப்புக்கும் நடுவில் போன பதினான்கு ஆண்டுகளைத் தொலைத்தவர்களுக்கு யாரும் எதையும் திருப்பித் தரவில்லை.

இந்தச் சட்டம் மருமகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரே வீட்டில் வாழும், வாழ்ந்த தாய், மகள், சகோதரி, விதவை, எல்லோருக்கும் உரியது. காதலித்தாள் என்று அப்பாவிடமும் அண்ணனிடமும் அடிவாங்கும் பெண்ணும் இதில் மனுச் செய்யலாம். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவிகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்றிருந்த கட்டுப்பாட்டை 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வழக்குத் தொடுத்தவர்கள் ஒரு தாயும் மகளும்.

திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களையும் சட்டம் உள்ளே எடுத்தது. ஆனால் 2010-இல், கோயம்புத்தூரிலிருந்து போன வேலுசாமி வழக்கில், உச்ச நீதிமன்றம் நான்கு நிபந்தனைகள் வைத்தது. அதில் ஒன்று, இருவரும் மணம் செய்துகொள்ளத் தகுதி உடையவர்களாக இருக்க வேண்டும் என்பது. அதாவது அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தால் இவள் வெளியே. முதல் மனைவி இருப்பதையே சொல்லாமல் கோவிலில் தாலி கட்டிக் கூட்டிவந்தவனை நம்பிய பெண்ணுக்கு இது அநியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அப்படி ஏமாற்றப்பட்டவளுக்கு ஜீவனாம்சமாவது உண்டு என்று 2013-இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னது.

இலங்கையிலும் இதே 2005-ஆம் ஆண்டில்தான் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நம் மொழி பேசும் பெண்கள் நீதிமன்றம் ஏறுவது அந்தச் சட்டத்தின் கீழ்தான். அதன் வரையறையில் உடல் வன்முறையும் கடுமையான மன வதையும் இருக்கின்றன, பொருளாதார வன்முறை இல்லை. நகையை அடகு வைத்துவிட்டான், செலவுக்குத் தரவில்லை என்று ஒரு பெண் அங்கே போனால் அவளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. நம்மிடம் அது இருக்கிறது. இருந்தும் பயன்படுத்தாமல் விட்டால் தவறு நம்முடையது.

இனி பின்தொடர்தல்.

1998 ஜூலையில் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த இளைஞர் கூட்டம் சீண்டியதில் விழுந்து, உயிரிழந்தார். தமிழ்நாடே கொதித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு ஈவ்-டீசிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பின்னர் அது பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் வரையறையைக் கவனியுங்கள். ஒரு பெண்ணுக்கு அச்சமோ வெட்கமோ சங்கடமோ மிரட்சியோ தரும், அல்லது தரக்கூடிய, ஓர் ஆணின் தகாத செயல் எதுவும் துன்புறுத்தல். கல்வி நிலையம், கோவில், பேருந்து நிறுத்தம், சாலை, ரயில் நிலையம், திருவிழா நடக்கும் இடம் என்று இடங்களையும் வரிசையாகச் சொல்கிறது. வைகாசியில் கருட சேவைக் கூட்டத்தில் உங்கள் பெண்ணை ஒருவன் உரசினால், ஒரே ஒரு முறை உரசினாலும், இந்தச் சட்டம் போதும். அவளுக்கு என்ன நேர்ந்தது என்று அது கேட்கிறது. 2025 ஜனவரியில் சட்டமன்றம் இதன் தண்டனையைக் கூட்டித் திருத்தம் நிறைவேற்றியது.

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பிறகு, சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அமைத்த வர்மா குழு அறிக்கை தந்து, 2013-இல் குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டன. பின்தொடர்தல் முதல்முறையாக நாடு முழுவதற்கும் குற்றமானது. அது 354-டி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. 2013 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டத்தில் அச்சம், மனக்கலக்கம் என்ற சொற்கள் இருந்தன. நாடாளுமன்றத்தில் சட்டமாகி வெளிவந்தபோது அவை இல்லை. நம்மில் யார்தான் பெண்கள் பின்னால் போகவில்லை என்று ஓர் உறுப்பினர் அவையிலேயே கேட்ட காலம் அது.

இப்போது இருக்கும் வரையறை என்ன கேட்கிறது? ஆண் ஒருவன் பெண்ணைப் பின்தொடர்ந்து, அவளோடு தனிப்பட்ட பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளும் நோக்கத்தில், தொடர்புகொள்ள முயல வேண்டும். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அவள் விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டியிருக்க வேண்டும். அதையும் மீறி அவன் செய்ய வேண்டும். இத்தனையும் நிரூபணமானால்தான் குற்றம்.

காலையில் ரயிலுக்கு ஓடும் ஒரு பெண் பின்னால் வருபவனை நின்று பார்த்து, எனக்கு உன்மேல் விருப்பமில்லை என்று சாட்சி வைத்துச் சொல்ல முடியுமா? பயத்தில் தலை குனிந்து வேகமாக நடப்பாள். வழியை மாற்றுவாள். போன் எண்ணை மாற்றுவாள். அது தெளிவான மறுப்பு இல்லை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வாதிடுவார். அவள் பயந்தாளா என்பது இந்த வரையறையில் ஒரு கேள்வியே இல்லை. பழிவாங்க வேண்டும், வேலையை விட்டு ஓட வைக்க வேண்டும் என்று பின்தொடர்பவனும் இதில் சரியாகப் பொருந்துவதில்லை, அவன் நோக்கம் பழக்கம் இல்லையே.

தண்டனையிலும் ஓர் ஓட்டை. நாடாளுமன்றம் எழுதிய 78-ஆம் பிரிவில், முதல் முறை என்றால் ஜாமீனில் விடத்தக்க குற்றம், மூன்றாண்டு வரை சிறை. இரண்டாம் முறை என்றால் ஐந்தாண்டு வரை, ஜாமீன் கடினம். ஆனால் சட்டம் சொல்லும் இரண்டாம் முறை, இரண்டாவது தடவை தண்டனை பெறுவது. முதல் வழக்கில் தீர்ப்பு வரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் அவன் எத்தனை முறை செய்தாலும் அத்தனையும் முதல் முறைதான். காலையில் பிடித்தால் மாலையில் அதே தெருமுனையில் நிற்பான். 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயிலின் முன் தள்ளப்பட்டாள். மறுநாள் ஒருதலைக் காதல் என்று தலைப்புப் போட்டார்கள். அதைக் காதல் என்று அச்சடிப்பவர்கள் ஒரு நிமிடம் அந்தத் தாயை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

மலேசியாவில் 2023-இல் தண்டனைச் சட்டத்தில் 507-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். துயரமோ அச்சமோ கலக்கமோ தரும் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ ஒருவரைத் தொடர்ந்து தொல்லைப்படுத்துவது குற்றம். இரண்டு முறை செய்தால் தொடர்ந்து செய்ததாகக் கணக்கு. அவள் மறுத்தாளா என்ற கேள்வி அதில் இல்லை. பினாங்கில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குக் கிடைக்கும் இந்த வரையறை காஞ்சிபுரத்துப் பெண்ணுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நம்மிடம் இருக்கும் பிரிவில் ஒரு நல்ல பாதியும் உண்டு. பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ மின்னஞ்சலையோ வேறு மின்னணுத் தொடர்பையோ கண்காணித்தாலே குற்றம், அங்கே திரும்பத் திரும்ப என்றும் மறுப்பு என்றும் எதுவும் கேட்கவில்லை. கணவனுக்கு விலக்கு என்றும் எழுதவில்லை. மனைவியின் வாட்ஸ்அப்பைத் தன் கணினியில் திறந்து வைத்துப் படிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிரிந்து போன மனைவி வேலை செய்யும் பட்டுக்கடை வாசலில் தினமும் வந்து நிற்கும் கணவனுக்கு எந்தச் சட்டம்? இரண்டும் பொருந்தும், ஆனால் நான் குடும்ப வன்முறைச் சட்டத்தைத்தான் கையில் எடுப்பேன். அதன் 18-ஆம் பிரிவில் அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகக் கூடாது, போனிலோ கடிதத்திலோ ஆள் மூலமோ தொடர்புகொள்ளக் கூடாது என்று ஆணை பெறலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம். அவள் ஒருத்தியின் சாட்சியமே போதும் என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். மனைவிக்குக் கிடைக்கும் இந்த ஆணை, முன்பின் தெரியாதவன் துரத்தும் பெண்ணுக்கு 78-ஆம் பிரிவில் கிடைப்பதில்லை. அந்தப் பிரிவிலேயே அவளுக்கும் இப்படி ஓர் ஆணை வேண்டும், பின்தொடர்தலின் வரையறையில் அச்சம் என்ற சொல் திரும்ப வர வேண்டும். 1998-இல் நம் சட்டமன்றம் எழுதத் தெரிந்ததை நாடாளுமன்றத்தால் எழுத முடியாதா?

நடைமுறைக்கு வருகிறேன். குடும்ப வன்முறை வழக்குக்குக் காவல் நிலையம்தான் போக வேண்டும் என்பதில்லை. மாவட்டச் சமூகநலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும், அது அவர் கடமை. அவசரத்துக்கு 181 என்ற உதவி எண். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக் குழு பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் வழக்கறிஞர் தரும். அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். முடிவதில்லை. அதனால்தான் இடைக்கால ஆணையை முதல் நாளே கேளுங்கள் என்கிறேன். காவல் நிலையத்தில் புகார் தந்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். துரத்துகிறவன் அனுப்பும் செய்திகளை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். ஒரு முறை, வேண்டாம் என்று எழுத்தில் பதில் அனுப்பிவிட்டு அத்தனையையும் பத்திரப்படுத்துங்கள். சட்டம் மாறும் வரைக்கும் அந்த ஒரு வரிதான் உங்கள் சாட்சி.

கடைசியாக, கூட்டுறவுச் சங்கத்து நிர்வாகிகள் சிலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கோரிக்கை. ஒரு தறியில் இரண்டு பேர் உழைக்கும் வீட்டில் கூலிப் பதிவேட்டிலும் உறுப்பினர் அட்டையிலும் இரண்டு பெயர் வர வழி செய்யுங்கள். நீ சம்பாதித்தாயா என்று கணவனும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் கேட்கும்போது அவள் அந்தப் பதிவேட்டைக் காட்டட்டும். அடுத்த பொதுக்குழுவிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். சட்டப்படி அதை எழுதித் தரும் வேலையை நான் செய்கிறேன்.